ஆகாது வரிகள்

சென்னையிலிருந்து வந்த மெயிலில் மொத்தம் நான்கே வரிகள். முதல் இரண்டும் வணக்கம், நலம். மூன்றாவது வரி இப்படி இருந்தது: "ப்ராசஸரில் திண்டுக்கல் கிளை கை வைக்க வேண்டாம். அது உங்கள் வேலை இல்லை." நான்காவது வரியில் விக்னேஷ்குமார், தொழில்நுட்பத் தலைவர் என்று பெயர். அதை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்காமல் கை வைத்தேன்.

இது நடந்தது 2004இல். வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. தலைமை அலுவலகம் சென்னையில். கிளை திண்டுக்கல்லில், தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஹாலில் முப்பத்தொரு பெண்கள், கண்ணாடி அறையில் மேனேஜர் அருளப்பன், இரண்டுக்கும் நடுவில் நான். என் பெயர் அறிவுச்செல்வி. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் உருவுவதும், யூ.பி.எஸ். கத்தினால் அணைப்பதும் என் பதவிக்குள் அடங்கும். யோசிப்பது அடங்காது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டுரையைத் தட்டச்சு செய்து, அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இது தலைப்பு, இது ஆசிரியர், இது வருஷம், இது பக்கம் என்று சீட்டு ஒட்ட வேண்டும். அப்படிச் சீட்டு ஒட்டும் முறைக்கு எக்ஸ்.எம்.எல். என்று பெயர். ஒட்டி முடித்த ஃபைலை வாடிக்கையாளர் கேட்கிற வடிவத்துக்கு மாற்றுகிற புரோகிராம்தான் ப்ராசஸர். எதை எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் மாற்றும். ஆனால் அதற்குப் பார்வை மட்டு. கமாவுக்கு முன்னால் இருப்பதை வெட்டு என்றால் வெட்டும், பின்னால் இருப்பதை எடு என்றால் எடுக்கும். "நான்கு இலக்கம், ஒரு அரைப்புள்ளி, அப்புறம் ஒரு எண், நடுவில் சின்னக் கோடு, மறுபடி ஒரு எண், இந்தச் சாயலில் இருப்பதையெல்லாம் தேடு" என்றால் திருதிருவென்று விழிக்கும்.

அந்தச் சாயலைத் தேடுகிற வேலையைத்தான் ஹாலில் முப்பத்தொரு பேரும் கண்ணால் செய்தார்கள். ஒரு கட்டுரைக்குப் பின்னால் நூறு, நூற்றைம்பது மேற்கோள்கள் வரும். ஒவ்வொன்றிலும் சின்னக் கோடு பக்க எண்ணுக்கு நடுவில் இருக்கிறதா, வேறு எதற்கோ நடுவில் இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டை ஒட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மதியம் மூன்று மணிக்குக் கண் சிவந்து எழுவார்கள். இதில் பிழை இருக்காதா? இருந்தது. தீபாவளிக்குள் பிழையைப் பாதியாகக் குறைக்காவிட்டால் ஹாலை மூடிவிடுவதாகச் சென்னை சொல்லியிருந்தது. அதனால்தான் ப்ராசஸருக்குப் பார்வை கொடுக்கிறேன், அனுமதி தாருங்கள் என்று நான் கேட்டேன். அதற்குத்தான் அந்த நாலு வரிப் பதில்.

எனக்குப் பதவி சின்னது, கோபம் பெரியது. "உங்களால் முடியாது" என்று சொல்லியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். "உங்கள் வேலை இல்லை" என்றதுதான் பொறுக்கவில்லை. கண் கெடுவது மட்டும் எங்கள் வேலையா?

நாங்கள் பயன்படுத்திய ப்ராசஸர் உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று விட்டுவைத்தது. புதிதாக ஃபங்ஷன் எழுதிச் சேர்ப்பதற்கு அதில் ஒரு வாசல் இருந்தது. எழுத்துச் சாயல்களைத் தேடுகிற ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஜாவாவில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதை இந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று ஃபங்ஷன் போதும் என்று முடிவு செய்தேன். இந்தச் சாயல் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, இருப்பதை எடுத்துத் தர ஒன்று, மாற்றி எழுத ஒன்று.

முதலாவது ஒரே நாளில் வந்துவிட்டது. மூன்றாவது, வரியில் முதலில் கண்ணில் பட்டதை மட்டும் மாற்றிவிட்டு ஓய்ந்துவிடும்; எல்லாவற்றையும் மாற்று என்று தனியாக ஒரு எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால்தான் மிச்சத்துக்குப் போகும். அதுவும் பிடிபட்டது. நடுவில் உள்ளதுதான் என்னைப் படுத்தி எடுத்தது. தேடி எடுத்தவற்றைப் பட்டியலாகத் திருப்பிக் கொடுத்தால் ப்ராசஸர் வாங்க மாட்டேன் என்றது. ஒவ்வொரு துண்டும் ஏதாவது ஒரு ஆவணத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டுமாம். எந்த ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது என்று கேட்கிற தாலுகா ஆபீஸ் மாதிரி அது நின்றது. நான்கு நாள் முட்டி மோதினேன். கடைசியில் உள்ளே எதுவுமே இல்லாத ஒரு வெற்று ஆவணத்தை உண்டாக்கி, எல்லாத் துண்டுகளையும் அதன் பெயரில் சேர்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டது. அன்றைக்கு நான் அலுவலகத்தில் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அருளப்பன் சார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பயம் வந்தால் அவருக்கு நெற்றி வேர்க்கும்.

"ஏம்மா அறிவு, சென்னை வேண்டாம்னுல்ல சொல்லுச்சு?"

"சொல்லுச்சு சார்."

"அப்புறம்?"

"அப்புறமும் செஞ்சேன் சார்."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆளை நல்லவர், கெட்டவர் என்று ஒரு பக்கமாகச் சொல்லிவிட முடியாது. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் இருப்பார்.

ஒரு பழைய மருத்துவக் கட்டுரையை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். எண், கோடு, எண் என்று வந்தால் பக்கச் சீட்டு ஒட்டு என்பதுதான் நான் எழுதிய சாயல். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. திறந்து பார்த்தால் பக்க எண்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருந்தது, சரி. ஆனால் குழந்தைகளின் வயதுக்கும் பக்கச் சீட்டு. மருந்தின் அளவுக்கும் பக்கச் சீட்டு. பத்திரிகையின் பதிவு எண்ணைக்கூட விடவில்லை. பார்வை வந்துவிட்டது, விவரம் வரவில்லை. விவரம் எல்லாம் ஹாலில்தான் இருந்தது.

ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய், செபாஸ்தியம்மாள் அக்காவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். வேடசந்தூரிலிருந்து வருகிறவர், நாற்பது வயதுக்கு மேல். ஹாலில் பதவி என்று எதுவும் அவருக்கு இல்லை. ஆனால் அவர் தலையை ஆட்டினால் முப்பது தலைகள் ஆடும்.

"அக்கா, எது பக்க நம்பர், எது இல்லன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? எனக்குச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு?"

"புரோகிராம்ல ஏத்தணும். அப்புறம் நீங்க இம்புட்டு கஷ்டப்பட வேண்டாம்."

இப்போது திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, என் ஸ்டூலைப் பார்த்தார்.

"மில்லுல நான் பன்னெண்டு வருசம் நூல் சுத்துற ஒயிண்டிங்ல நின்னவ, தெரியுமா? நூலு அறுந்தா முடிச்சுப் போடணும், பிசிறு வந்தா வெட்டணும். ஒரு நா ஆட்டோ மிஷின் வந்துச்சு. கூடவே ஒரு இஞ்சினீயரு வந்தாரு. இதே மாதிரிதான் ஸ்டூலு போட்டு எங்க பக்கத்துல உக்காந்தாரு. எது பிசிறு, எது சும்மா ஒட்டுன பஞ்சு, எம்புட்டு தடிச்சா வெட்டணும், எல்லாத்தையும் கேட்டாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. நம்மளயும் ஒருத்தர் கேக்குறாரேன்னு நாங்க பெருமையாச் சொன்னோம். அம்புட்டையும் மிஷின்ல ஏத்துனாரு. மறு மாசம் நாப்பது பேரையும் அனுப்பிட்டாங்க."

எனக்கு ஸ்டூல் சுட்டது. "நான் அந்த இஞ்சினீயரு இல்லக்கா."

"அவரும் நல்ல மனுசந்தான்" என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முப்பது பேரும் விசைப்பலகையைத் தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவமானமாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதால் கோபப்படவும் வழியில்லை.

அடுத்த இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் மறுபடி போனேன், ஸ்டூல் இல்லாமல். சாப்பாட்டு நேரம். எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து வெஞ்சனத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து, நேராகவே சொன்னேன்.

"தீபாவளி வரைக்கும் இப்படியே போனா ஹாலை மூடிருவாங்க. இதை ஏத்தலன்னா போறது உறுதி. ஏத்துனாலும் போகலாம்னு அக்கா சொல்றது நியாயம். அதனால வேற மாதிரி எழுதுறேன். எது பக்கம்னு நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம், அது எனக்கே தெரியும். எது ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்க. உங்க நோட்டுல உங்க கையால எழுதுங்க, நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். புரோகிராம் முதல்ல அந்த ஆகாதுகளைத் தேடி, தொடாம ஒதுக்கி வச்சுட்டுத்தான் மிச்சத்துல கை வைக்கும். ஒவ்வொரு புதுப் பத்திரிகைக்கும் புதுசா ஆகாது வரும். அதை யாரு சொல்லுவா? நீங்கதான் சொல்லணும்."

செபாஸ்தியம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அப்படியும் எங்கள அனுப்புனா?"

"அன்னைக்கு நான் உங்க பக்கம் நிப்பேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பாப்போம்" என்றார். ஆனால் தலையை ஆட்டினார்.

முதல் ஆகாது புவனேஸ்வரியிடமிருந்து வந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பெண், வீட்டில் மல்லித் தோட்டம். "கோட்டுக்கு அப்புறம் அளவு வந்தா பக்கம் ஆகாதுக்கா. எங்கப்பா மார்க்கெட்டுக்கு 'மல்லி 5-10 கிலோ'ன்னு சொல்லி விடுவாரு பாருங்க, அது மாதிரி" என்றாள். அதை அப்படியே நோட்டில் எழுதினாள். நான் அதைச் சாயலாக மாற்றி ஃபைலில் ஏற்றி, பக்கத்தில் அவள் வாசகத்தையும் பெயரையும் சேர்த்தேன். மல்லி ஐந்து பத்து கிலோ ஆகாது, புவனேஸ்வரி. மருந்தின் அளவு அந்த நிமிஷமே பிழைத்தது.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. "நாலு நம்பர் போட்டு கோடு போட்டா அது நம்மூரு போன் நம்பர் மாதிரி, 0451ன்னு ஆரம்பிக்குமே, அது பக்கம் ஆகாது." பத்திரிகைப் பதிவு எண் தப்பித்தது. "கபடியில 21-18ன்னு ஜெயிச்சா, பெரிய நம்பர் முன்னாடி வருது, அதுவும் பக்கம் ஆகாது." ஒரு நாள் செபாஸ்தியம்மாளே தன் நோட்டை நீட்டினார். "மத்தேயு 5:3-12. நடுவுல ரெண்டு புள்ளி இருந்தா அது வசனம், பக்கம் ஆகாது." ஹாலில் சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். யாருடைய ஆகாது எத்தனை தவறைத் தடுத்தது என்று போட்டி வேறு. அந்த ஒன்றரை மாதத்தில் இருநூற்றுப் பதினாறு ஆகாது வரிகள் சேர்ந்தன. அலுவலகக் குழாயில் தண்ணீர் நின்றுபோய் லாரியை எதிர்பார்த்துக் கிடந்த நாட்கள் அவை. இருந்தும் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முன்பே பிழை பாதி இல்லை, பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அருளப்பன் சார் பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் விவரமாக எழுதிச் சென்னைக்கு மெயில் அனுப்பிவிட்டார். ஃபைலையும் சேர்த்து.

பதில் தொலைபேசியில் வந்தது. பேசி முடித்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டபோது கைக்குட்டை முழுசாக நனைந்திருந்தது.

"உட்காரும்மா. நல்ல விஷயம்தான். உன்னைச் சென்னைக்கு மாத்துறாங்க, தலைவர் டீம்ல. அவரே போன்ல பாராட்டுனாரு."

"ஹாலு?"

அவர் மேஜையைப் பார்த்தார். "இனி கண்ணு வச்சுப் பாக்குற வேலை இல்லையாம்மா. மாசக் கடைசியோட..."

"நான் போகல சார்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன். ஹாலு போனா நானும் போறேன், சென்னைக்கு இல்ல, வீட்டுக்கு. இன்னொண்ணு, அந்த ஆகாது வரிகளை யாராவது எடுத்துட்டு ஓட்டுனா எல்லாம் நாறிப்போகும்னு அவர்கிட்டச் சொல்லிருங்க."

அவர் சொன்னாரோ இல்லையோ, நானே எழுதினேன். என் வாழ்க்கையில் அதுவரை எழுதியதிலேயே மரியாதையான மெயில் அது. பதில் அன்று மாலையே வந்தது. விக்னேஷ்குமார் ஃபைலைத் திறந்து பார்த்திருந்தார். மல்லி, கபடி, ஊர் போன் நம்பர் எல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது. "மருத்துவப் பத்திரிகையில் மல்லிக்கு என்ன வேலை? ஹாலின் அரட்டையை நிரலில் ஏற்றியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை முழுவதும் நீக்கிவிட்டோம். உங்கள் சர்வரிலும் நீக்கிவிடவும்." மல்லிக்குப் பக்கத்தில் இருந்த சாயலை அவர் படிக்கவே இல்லை. மல்லியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார், சிரித்த கையோடு அழித்துவிட்டார்.

அருளப்பன் சார் என் கண் முன்னாலேயே இருநூற்றுப் பதினாறு வரிகளையும் அழித்தார். ஒவ்வொரு முறை பட்டனைத் தட்டும்போதும் "மன்னிச்சுக்கம்மா" என்றார். பழைய நகல்களையும் விடவில்லை. நான் அவரைத் தடுக்கவில்லை. எழுந்து ஹாலுக்குப் போனேன்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். செபாஸ்தியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது. முன்பே ஒரு முறை பார்த்துவிட்ட சம்பவத்தை மறுபடி பார்க்கிற அலுப்பு அது.

"உங்க நோட்டு எல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"டிராயருக்குள்ள இருக்கு" என்றாள் புவனேஸ்வரி.

"இன்னைக்கு அதை எல்லாரும் வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

செபாஸ்தியம்மாள் முதலில் எழுந்தார். டிராயரைத் திறந்து, பச்சை அட்டை போட்ட நோட்டை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். மூன்று மணிக்கு முப்பத்தொரு நோட்டுகள் படியிறங்கிப் போயின.

பத்து நாள் கழித்துச் சென்னையில் வெடித்தது. ஆகாது இல்லாமல் என் ஃபங்ஷனை ஒரு குழந்தை மருத்துவப் பத்திரிகையின் மீது ஓட்டியிருக்கிறார்கள். காய்ச்சல் மருந்தின் அளவெல்லாம் பக்க எண்ணாகி மேற்கோள் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அச்சுக்குப் போகும் முன் வாடிக்கையாளரே பார்த்துவிட்டார், நல்ல வேளை. அவர்களிடமிருந்து இன்னும் ஐம்பது பத்திரிகைகள் வர வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டார்கள். சென்னையில் மறுபடி மெயிலைத் தோண்டி, அருளப்பன் சார் அனுப்பிய பழைய ஃபைலை எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் பத்திரிகை சரியாகிவிட்டது. அடுத்தது தாவரவியல், அதற்கு அடுத்தது சட்டம். இரண்டிலும் ஃபைலில் இல்லாத புதுப்புது ஆகாதுகள்; அவற்றில் பல, நான் இன்னும் ஏற்றாமல் ஹாலின் நோட்டுகளில் மட்டும் இருந்தவை. ஆகாது சொல்லத் தெரிந்த ஆள் மட்டும் அங்கே இல்லை.

விக்னேஷ்குமார் மறுநாள் மதியம் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. நேராக என்னிடம்தான் வந்தார்.

"இந்த ரெண்டு பத்திரிகைக்கும் எக்ஸெப்ஷன் லிஸ்ட், அதான் உங்க ஆகாது லிஸ்ட், வேணும். உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே, ஒன்றரை மாசம் நீங்கதான டைப் பண்ணீங்க?"

"பாதி தெரியும் சார்."

"அப்ப அதைச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன் சார். அது என்னோடது இல்ல. ஃபங்ஷன் நான் எழுதுனது, அது உங்ககிட்ட இருக்கு. ஆகாது அவங்களோடது. அவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

அருளப்பன் சார் கைக்குட்டையைத் தேடினார். விக்னேஷ்குமாரின் முகம் சிவந்துவிட்டது. "இதுக்குப் பேரு மிரட்டல்" என்றார்.

"வேலையை விட்டு அனுப்புறதுக்கு என்ன பேரு சார்?" என்று கேட்டேன்.

அவர் ஹாலுக்குள் போனார். முப்பத்தொரு பேரும் வேலையை நிறுத்தவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அவருக்கு அங்கே யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை. கடைசியில் எல்லார் தலையும் லேசாகத் திரும்பிய பக்கத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அம்மா, உங்க நோட்டெல்லாம் கொஞ்சம் வேணும்" என்றார் செபாஸ்தியம்மாளிடம்.

"நோட்டு தர மாட்டோம் சார். வாசிச்சுக் காட்டுவோம். அதுக்கு மொதல்ல ஒரு கடுதாசி வேணும்."

"என்ன கடிதம்?"

செபாஸ்தியம்மாள் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து பச்சை நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார். ஹால் மூடப்படாது. முப்பத்தொரு பேரும் இனிமேல் பிழை பார்ப்பவர்கள் இல்லை, விதி எழுதுகிறவர்கள். ஒவ்வொரு ஆகாதும் எழுதியவர் பெயரோடு இருக்கும். அதை அழிக்க வேண்டுமென்றால் ஹாலைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். வாசித்து முடித்ததும், விக்னேஷ்குமார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அக்கா விரலால் காட்டினார்.

"இதெல்லாம் நான் சென்னையில கேக்கணும்" என்றார் விக்னேஷ்குமார்.

"கேளுங்க சார். போன் அந்தா இருக்கு. மில்லுல நாங்க சும்மா சொல்லிக் குடுத்துட்டோம், ஒரு டீத்தண்ணிக்கு. அந்தப் புத்திகெட்டதனத்த இன்னொரு தடவ செய்ய மாட்டோம்."

அவர் கண்ணாடி அறைக்குள் போய்ப் பேசினார். செத்த நேரம்தான், ஆனால் எனக்கு நாள் கணக்காகத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மில் பஸ் போனது. புவனேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்தது. கடிதத்தை அருளப்பன் சார் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்தார், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். விக்னேஷ்குமார் கையெழுத்துப் போட்டார். செபாஸ்தியம்மாள் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாக, முழுதாகப் படித்தார். படித்து முடித்து நோட்டுக்குள் வைத்தார்.

"இப்ப உக்காருங்க சார்."

அவர் சுற்றிலும் பார்த்தார். நாற்காலி எதுவும் காலியாக இல்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை நான்தான் எடுத்துக் கொண்டுபோய் அக்காவுக்குப் பக்கத்தில் போட்டேன். உட்கார்ந்து மடியில் காகிதத்தை வைத்துப் பேனாவைத் திறந்தார். செபாஸ்தியம்மாள் தாவரவியல் கட்டுரையைத் திரையில் கொண்டு வந்தார்.

"எழுதிக்கங்க. இலையில 3-5ன்னு வந்தா அது இலை எண்ணிக்கை. கொத்துக்கு மூணு கொழுந்து, அஞ்சு கொழுந்துன்னு சொல்றோம்ல, அது. பக்கம் ஆகாது. பேரு போடுங்க, ராமுத்தாய். அந்தா மூணாவது வரிசையில இருக்கா பாருங்க, அவ சொன்னது."

எழுதினார். பெயரையும் எழுதினார். ராமுத்தாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"ரெண்டாவது. பூவுக்குப் பக்கத்துல மாசம் வந்து நடுவுல கோடு இருந்தா, அது பூக்குற காலம். கார்த்திகை-தை மாதிரி. எண்ணாப் போட்டாலும் பக்கம் ஆகாது. இது புவனா."

அதையும் எழுதினார். இப்போது அவருக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. "அப்ப பூ இல்லாம காய்னு வந்தா?" என்று அவரே கேட்டார். நல்ல கேள்விதான். ஹாலில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவர் அவசர அவசரமாக எழுதினார். மூன்று வரி ஆனது. நான்காவதற்குப் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

செபாஸ்தியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டை மூடி, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து, ஜிப்பை இழுத்தார்.

"மூணு மணி சார். வேடசந்தூர் பஸ்ஸு வந்துரும். மிச்சம் நாளைக்கு."

"இன்னும் எத்தனை இருக்கு? எப்ப முடியும்?"

அவர் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்துகொண்டார். முப்பது நாற்காலிகள் அவரோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தன.

"புதுப் பத்திரிகை வந்துக்கிட்டே இருக்குற வரைக்கும் முடியாது சார்" என்றார். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துருங்க. ஸ்டூலு இங்கனயே கிடக்கும்."